பள்ளத்தில் தெரிந்தது

ஹோலிஸை அடக்கம் செய்த அன்று வெர்னாவுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. முன்வரிசை பெஞ்சு செத்தவனுடைய குடும்பத்துக்கு உரியது. அவள் ஹோலிஸுக்கு ஒரே அக்கா. அங்கே ஹோலிஸின் பெண்டாட்டி ஜூனெல் கறுப்பு உடுப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, டெல்மர் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டெல்மர் வெர்னாவின் புருஷன். ஹோலிஸின் கழுத்துக்குக் கீழே பாய்ந்த குண்டு அவன் துப்பாக்கியிலிருந்து போனது.

வெர்னா நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பக்கக் கதவு வழியாகத் தேவாலயத்தின் சமையலறைக்குப் போய்விட்டாள். ஊர்ப் பெண்கள் கொண்டுவந்து வைத்திருந்த பாத்திரங்கள் மேசை முழுக்க இருந்தன. பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், பன்றித்தொடை, பவுண்ட் கேக். அவள் கத்தியை எடுத்துப் பன்றித்தொடையை மெல்லிய துண்டுகளாக வெட்டத் தொடங்கினாள். சுவருக்கு அப்பால் பாட்டு கேட்டது. தேவாலயத்து வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்யும் மிஸ் ஐவா உள்ளே வந்து, பாதிரியார் பேசப்போகிறார், வந்து உட்காரு என்றாள். இறைச்சி இன்னும் வெட்டி முடியவில்லை என்றாள் வெர்னா. மிஸ் ஐவா ஓர் ஏப்ரனை எடுத்து அவள் இடுப்பில் கட்டிவிட்டுப் போனாள்.

அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிசிசிப்பி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், பாஸம் ஓடைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற மேய்ச்சல் நிலம் வெர்னாவின் அப்பாவுடையது. மேற்குச் சரிவை மகளுக்கும் கிழக்குச் சரிவை மகனுக்கும் எழுதி வைத்தார். நடுவில் ஓடைப் பள்ளம். முள்கம்பி வேலி பள்ளத்தின் ஊடே ஓடினாலும் அதில் ஒரு கேட் உண்டு. அந்தக் கேட்டை இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் சமையலறைக் கதவு மாதிரிதான் பயன்படுத்தினார்கள். வைக்கோல் சுருட்டும் இயந்திரம் ஹோலிஸிடம் இருந்தது, மாடு ஏற்றும் டிரெய்லர் டெல்மரிடம் இருந்தது. ஒருவன் தடுப்பூசி போடும் நாளில் மற்றவன் கொம்பைப் பிடிப்பான்.

மாடுகள் இலையுதிர் காலத்தில் கன்று ஈனும். ஊரில் சிலர் வசந்தத்தில் ஈன வைப்பார்கள், இவர்கள் செப்டம்பரைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் வெயில் குறையாது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வந்து ஊரின் மேல் போர்வை மாதிரி படுத்துவிடும். சமையலறையில் உப்பு ஜாடியில் உப்பு கட்டியாகும். விடியலில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்த்து ஒழுகும். அந்தக் காலத்தில்தான் கயோட்டிகள் வரும். நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. கூட்டமாக வந்தால் ஈன்ற பசுவின் இளங்கொடியை இழுத்துக்கொண்டு போகும். அதோடு நின்றால் யாரும் துப்பாக்கியைத் தூக்க மாட்டார்கள். தலையீத்துக் கிடாரி எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடந்தால், பாதி வெளியே வந்த கன்றைத் தின்னத் தொடங்கிவிடும். அந்த வருஷம் டெல்மர் அப்படி ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தான். கன்றின் நாக்கும் மூக்கும் போயிருந்தன. கிடாரி உயிரோடு இருந்தது. அவன்தான் அதை முடித்துவைத்தான்.

அதற்கப்புறம் டெல்மர் தெர்மல் வாங்கினான். துப்பாக்கியின் மேல் பூட்டுகிற கண்ணாடி அது. வெளிச்சம் வேண்டாம், சூடு இருந்தால் போதும், கும்மிருட்டில் சூடுள்ளதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். காய்ந்த குளிரில் பார்த்தால் சுண்டெலி கூடத் தப்பாது. ஈரக்காற்றில் அப்படியில்லை. புல்லும் மண்ணும் மரமும் நனைந்து ஒரே சூட்டில் நிற்கும், காற்றில் இருக்கிற தண்ணீர் நடுவில் திரை போடும். மிருகம் தெரியும், ஆனால் அதன் ஓரம் கரைந்து போயிருக்கும். காதா, வாலா, காலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளத்தில் பார்த்தால் இன்னும் மோசம். டெல்மர் கண்ணாடியைத் துடைக்க ஒரு துணியை ஜிப் பையில் போட்டு வைத்திருப்பான். மூச்சு பட்டே மங்கிவிடும்.

ஹோலிஸ் ஒரு தடவை அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, உம் புருசன் பாதிச் சம்பாத்தியத்தைக் கொட்டி ஒரு தட்டு கிரிட்ஸ் கஞ்சி வாங்கியிருக்கான். கஞ்சிக்குள்ள கஞ்சியத் தேடிக்கிட்டு ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கான்" என்றான். டெல்மர் கோபப்படவில்லை. ஈரம் கூடினால் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பேர் சொல்ல முடியாத எதையும் சுடக் கூடாது என்று அவன்தான் ஹோலிஸுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஹோலிஸ் அதைக் கேட்டு, அப்படியானால் பேர் வைத்த மாட்டையெல்லாம் சுடலாமா என்றான். அன்று மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கார்ன்பிரெட்டை மோரில் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை மழை பெய்து நின்றிருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் டெல்மர் மேற்குச் சரிவில் ஒரு வைக்கோல் உருளைக்குப் பின்னால் மூன்றுகால் தாங்கியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹோலிஸ் கிழக்குச் சரிவின் மேல்முனையில் தன் பிக்கப்புக்குள் இருந்தான். இடத்தைவிட்டு நகர்கிறவன் வண்டி விளக்கை அடித்துக் காட்ட வேண்டும் என்பது பேச்சு. பள்ளத்தில் ஒரு கிடாரி முக்கிக்கொண்டிருந்தது ஹோலிஸுக்குக் கேட்டது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே வந்து தலை சிக்கியிருக்கிறது. விளக்கை அடித்தால் கிடாரி மிரண்டு எழுந்து ஓடும், ஓடினால் கன்று செத்துவிடும். அவன் விளக்கை அடிக்காமல் இறங்கிப் போனான். ஈரப் புல்லில் மண்டியிட்டுக் கன்றின் கால்களைப் பிடித்து இழுத்தான்.

சரிவிலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது, படுத்துக் கிடக்கிற கிடாரி, நீளமாக வெள்ளையாக. அதன் வால் பக்கம் இன்னொரு வெள்ளை, தாழ்வாக. அது பின்னுக்கு இழுத்தது, முன்னுக்குப் போனது, மறுபடி பின்னுக்கு இழுத்தது. டெல்மர் சுட்டான். கயோட்டி விழுந்ததா என்று பார்க்க டார்ச்சோடு இறங்கிப் போனான்.

இவ்வளவையும், ஹோலிஸ் ஏன் விளக்கை அடிக்கவில்லை என்று தான் ஊகித்தது உட்பட, அவன் வெர்னாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னான், துணி துவைக்கிற அறையில், சேற்றுப் பூட்ஸைக் கழற்றாமல். அதற்கப்புறம் சொல்லவில்லை. கிடாரி எழுந்து ஓடிவிட்டது, கன்று உயிரோடு கிடந்தது. கிடாரி அதைச் சேர்க்காததால் ஜூனெல் அதற்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து மதிய வெயிலில் நாடா பிடித்து அளந்தார்கள். கேள்வி கேட்டார்கள். விபத்து என்று முடிவானது. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு இளவயது டெபுடி துப்பாக்கியை அதன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். ஹோலிஸ் அந்தப் பையனுக்குச் சின்ன வயதில் பேஸ்பால் கற்றுக்கொடுத்தவன். அவன் வெர்னாவின் முகத்தைப் பார்க்காமல், "இதை எங்க வைக்கட்டும்மா?" என்று கேட்டான். அவள் கை காட்டிய இடத்தில், சோப்புத்தூள் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அதை யாரும் திறக்கவில்லை.

டெல்மர் வேலையை விடவில்லை. காலையில் எழுந்து மாடுகளுக்கு வைக்கோல் போட்டான், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தான், வேலியில் தளர்ந்த கம்பியை முறுக்கினான். ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. மாலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் வானிலை பார்த்தான். அங்கேயே தூங்கினான். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் கொஞ்சம் கிளறிவிட்டு எழுந்து போவான். வெர்னா மீதியை நாய்க்குப் போட்டாள். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் தொட்டி, வேலி, மின்சாரக் கட்டணம். ஒரே ஒரு தடவை, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இவன் என் தம்பியைக் கொன்றவன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. யாரோ பேப்பரில் வாசித்த மாதிரி இருந்தது. இவன் என் புருஷன் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து காய்ந்த காற்று வீசத் தொடங்கியது. அந்தக் காற்றில் ஒரு மத்தியானம் ஜூனெல் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தாள். டெல்மர் தீவனக் கடைக்குப் போயிருந்தான். அது தெரிந்துதான் வந்தாள் என்று வெர்னா பின்னால் புரிந்துகொண்டாள்.

வெர்னா பின்வாசல் படியில் உட்கார்ந்து ஊதாத் தோல் காராமணியை உரித்துக்கொண்டிருந்தாள். ஜூனெல் பக்கத்தில் உட்கார்ந்து தன் மடியிலும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டாள். இருவர் கட்டைவிரலும் ஊதாவாகிற வரைக்கும் உரித்தார்கள். ஜூனெல் மாடுகளைப் பற்றிப் பேசினாள். இன்னும் ஈனாமல் நிறைய நிற்கின்றன, டுபெலோவில் இருக்கிற தங்கை அங்கே வந்துவிடச் சொல்கிறாள், மாட்டையும் நிலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றாள். பிறகு கையிலிருந்த தோலைக் கூடையில் போட்டாள்.

"துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டாங்களாமே."

"ஆமா. துணி தொவைக்கிற ரூம்ல கெடக்கு."

"அந்தக் கண்ணாடி?"

"அதுலயேதான் இருக்கு. பெட்டியத் தொறக்கல."

"அதுல பாக்கணும்" என்றாள் ஜூனெல். "நானில்ல. நீ பாக்கணும். ஹோலிஸ் இருந்த எடத்துல நான் போயி இருக்கேன். டெல்மர் இருந்த எடத்துல நீ இரு. நான் மனுசியாத் தெரியுறேனா இல்லையான்னு நீ சொல்லணும்."

வெர்னா காராமணியை உரித்துக்கொண்டே, அதையெல்லாம்தான் ஷெரீஃப் ஆட்கள் வந்து பார்த்தார்களே என்றாள்.

"அவங்க மத்தியான வெயில்ல நாடாப் புடிச்சுட்டுப் போனாங்க. டெல்மர் மத்தியான வெயில்லயா சுட்டான்?"

"வேற யாரயாவது கேளு, ஜூனெல்."

"வேற யாரு பாத்தாலும் அது அவங்களுக்கு ஒரு கதை. கடையில போயிச் சொல்லுவாங்க. டெல்மரப் பாக்கச் சொன்னா அவன் என்ன சொன்னாலும் நான் நம்பப் போறதில்ல. உனக்கு ரெண்டு பக்கமும் போச்சு. நீ பொய் சொல்லி என்ன மிச்சம்?" ஜூனெல் இன்னொரு காயை எடுத்து உரித்தாள். "தெனமும் காலையில வேலிக்கு அந்தப் பக்கம் அவன் டிராக்டர் சத்தம் கேக்குது. யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாதுன்னா நான் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இங்க இருந்துக்குவேன். தெரிஞ்சிருக்கும்னா எனக்கு அது தெரியணும். அப்புறம் என்ன பண்றதுன்னு பாத்துக்குவேன்."

துப்பாக்கி வேண்டாம், கண்ணாடியை மட்டும் கழற்றிக் கொண்டுவா என்றும் சொன்னாள். ஈரக்காற்று திரும்பி வரட்டும், வந்ததும் கூப்பிடுகிறேன் என்று எழுந்து போனாள்.

காய்ந்த காற்று சில நாள் நீடித்தது. வெர்னா அது அப்படியே நீடிக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு ஒரு மாலை குளியலறைத் தரை வேர்த்தது. துவைத்துக் காயப்போட்ட துணி இருட்டும் வரை காயவில்லை. விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்த்தது. இரவு போன் அடித்தது. "வந்துருச்சு" என்றாள் ஜூனெல். அவ்வளவுதான்.

டெல்மர் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் வெர்னா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். எண்ணெய் வாசனை வந்தது. சின்ன ரெஞ்சால் திருகுகளைத் தளர்த்திக் கண்ணாடியைக் கழற்றினாள். அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, சரிவில் இறங்கினாள்.

காற்று அசையவில்லை. மூச்சை இழுத்தால் ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி இருந்தது. வைக்கோல் உருளை இன்னும் அங்கேயே இருந்தது, டெல்மர் அதை மாட்டுக்குப் போடவில்லை. பக்கத்தில் புல் இன்னும் சாய்ந்துதான் கிடந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை உருளையின் மேல் வைத்துக் கண்ணைப் பதித்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மெல்ல மெல்ல மாடுகள் வந்தன. பள்ளத்தில் படுத்துக் கிடக்கிற வெள்ளைத் திட்டுகள். ஓரமெல்லாம் பாலில் நனைந்த ரொட்டி மாதிரி ஊறியிருந்தது. பிறகு கிழக்குச் சரிவின் மேலே, கேட்டுக்குப் பக்கத்தில், ஒன்று நின்று நகர்ந்தது. ஜூனெல். அதில் சந்தேகமே இல்லை. தலை, தோள், இரண்டு கை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நடப்பது கூடத் தெரிந்தது.

ஜூனெல் இறங்க இறங்கக் கரைந்தாள். முதலில் கால் போனது. பிறகு கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பள்ளத்தின் அடிக்கு வந்தபோது நிற்கிற ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் மிச்சம். அங்கே ஜூனெலின் வயதான பசு ஒன்று படுத்திருந்தது. சாது, யார் போனாலும் எழுந்திருக்காது. கோடு அதன் பின்பக்கம் போய் நின்றது, மடங்கியது, தாழ்ந்தது.

அதோடு ஜூனெல் இல்லை. ஒரு பெரிய வெள்ளைக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை. அது முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்தது. ஹோலிஸ் இழுத்த மாதிரியே அவளும் செய்து காட்டினாள். வெர்னாவுக்கு அது ஜூனெல் என்று தெரியும். தெரிந்தும் அதற்குள் ஜூனெலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாய் எதையோ இழுத்துத் தின்கிற மாதிரிதான் இருந்தது. டெல்மர் சொன்னது உண்மைதான். யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

அவள் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று பின்னால் யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சின்ன வெள்ளை அசைவதை நிறுத்தியது. அதன் மேல் பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தது. பக்கவாட்டில் ஏதோ ஒன்று மெல்லிசாகப் பிரிந்து, மேலே போய், மடங்கி, உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கியது. ஜூனெல் முன்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். வேண்டுமென்று செய்ததில்லை. அந்தப் புழுக்கத்தில் குனிந்து இழுக்கிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். எந்த நாயும் அப்படிச் செய்யாது. அதற்கப்புறம் அந்த வெள்ளை என்ன செய்தாலும் அது ஜூனெலாகவே இருந்தது.

கிழக்கு வெளுத்தபோது ஜூனெல் கேட்டைத் திறந்துகொண்டு ஏறி வந்தாள். தொடை வரைக்கும் நனைந்திருந்தாள். மூச்சு வாங்கியது. வைக்கோல் உருளையில் சாய்ந்துகொண்டு, சொல்லு என்றாள்.

"நின்னப்ப நீதான்" என்றாள் வெர்னா. "எறங்கி வந்தப்பக் கரைஞ்சுட்ட. குனிஞ்சப்ப நீ இல்ல. நாய்தான். நீன்னு தெரிஞ்சுக்கிட்டே பாத்தேன், அப்பவும் நாய்தான்."

ஜூனெல் தலையை அசைத்தாள். வெர்னா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எல்லாம் ஒரு மாதிரி ஒழுங்காகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்புறம் நீ நெத்தியத் தொடச்ச" என்றாள். "அப்ப நீதான்."

"தொடச்சேனா?"

"ஆமா. கையத் தூக்கின."

"எவ்ளோ நேரம் கழிச்சு?"

"ரொம்ப நேரம் இல்ல."

ஜூனெல் பள்ளத்தைப் பார்த்தாள். மாடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுகொண்டிருந்தன. "ஹோலிஸுக்கும் வேர்க்கும்" என்றாள். "எதுக்கெடுத்தாலும் வேர்க்கும் அவனுக்கு. துணியெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கும்."

வெர்னா கண்ணாடியைத் துண்டில் சுற்றினாள்.

"அப்ப டெல்மர் அவ்ளோ நேரம்கூடப் பாக்கல."

"பாக்கல" என்றாள் வெர்னா.

ஜூனெல் தன் கையை நீட்டி வெர்னாவின் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு சரிவில் இறங்கிப் போனாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, கன்றுக்கு இன்னும் பால் கொடுக்கவில்லை என்று போகும்போது சொன்னாள்.

வெர்னா வீட்டுக்குள் வந்தபோது டெல்மர் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். அவள் துண்டை மேசையில் வைத்தாள். அது விலகிக் கண்ணாடியின் ஒரு முனை தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அவள் சட்டியை அடுப்பில் வைத்து முட்டையை உடைத்து ஊற்றினாள். நேற்றைய பிஸ்கட் ரொட்டியைச் சூடு பண்ணினாள். தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"ஈரமா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"அன்னிக்கு மாதிரியேதான்."

"ராத்திரி போன் அடிச்சது கேட்டுச்சு. ஜூனெல் போனாளா பள்ளத்துக்கு?"

"போனா. குனிஞ்சு இழுத்துக் காட்டினா. நீ சொன்ன மாதிரித்தான் இருந்துச்சு." அவள் அடுப்பை அணைத்தாள். "அப்புறம் கையத் தூக்கி நெத்தியத் தொடச்சா."

டெல்மர் முள்கரண்டியை எடுத்தான், கீழே வைத்தான்.

"அவனும் தூக்கினான்" என்றான்.

வெர்னா அடுப்புப் பக்கமே நின்றாள்.

"டெபுடி என்ன தெரிஞ்சுதுன்னு கேட்டான். வெள்ளையாத் தெரிஞ்சுதுன்னேன். அது பொய்யில்ல. ஆனா அவன் கையத் தூக்கினான். நான் பாத்தேன். பாத்தப்ப வெரலு ஏற்கனவே போயிட்டிருந்துச்சு. நிறுத்திருக்க முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியல, வெர்னா. டிவியப் பாத்தாலும் அதத்தான் பாக்குறேன். கை மேல போகுது, வெரலு உள்ள போகுது. எது மொதல்லன்னு ஒவ்வொரு தடவையும் மாறுது."

வெளியே டெல்மரின் மாடுகள் வைக்கோலுக்காகக் கத்தத் தொடங்கின. வெர்னா அவன் சட்டையில் மேல் பொத்தான் அறுந்திருப்பதைப் பார்த்தாள். எப்போது அறுந்தது என்று யோசித்தாள்.

"இத ஜூனெல்கிட்டச் சொல்லணும்" என்றாள் கடைசியில்.

"நீ சொல்றியா?"

"நான் பாத்ததை நான் சொல்லிட்டேன். நீ பாத்தத நீ போயிச் சொல்லு. அவ வேலைக்குக் கெளம்பிருவா."

அவன் எழுந்து தொப்பியைத் தேடினான். அவள் அதை ஃபிரிட்ஜின் மேலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிக்கப்பை எடுக்காமல் நடந்தே சரிவில் இறங்கினான். ஜன்னலில் ஈரம் ஒழுகிக்கொண்டிருந்தது. வெர்னா உள்ளங்கையால் துடைத்தாள், ஈரம் வெளிப்பக்கம், துடைத்துப் பயனில்லை. அவன் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு பள்ளத்து மூடுபனியில் போய்விட்டது.

அவள் பாத்திரம் கழுவினாள். சட்டியை உப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் தடவினாள். கண்ணாடியை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். திரும்ப வந்து மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். ஓடைக்கு அப்பால் ஒரு கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது ரோட்டுக்கு ஏறி, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது.

டெல்மர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முகத்தில் அடிபட்ட குறி எதுவும் இல்லை. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"முழுசாக் கேட்டா. பால்புட்டியக் கழுவிக்கிட்டே கேட்டா. அப்புறம் கார்ல போயி உக்காந்து ஜன்னல் கண்ணாடிய எறக்கினா." அவன் தொப்பியைக் கழற்றினான். "போறப்ப வேலிக் கேட்டச் சாத்திட்டுப் போ, மாடு வெளிய போயிரும்னா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

வெர்னா தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"சாத்துனியா?"

"சாத்துனேன்" என்றான் டெல்மர். "கொக்கி சரியா விழல. தூக்கிப் போட்டுச் சாத்துனேன்."

பிறகு ஆறிப்போன முட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிட்டு, மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினான்.